முப்பது பாகை வெயிலில் கம்பளி விற்ற கடைகள்

அம்மப்பாவின் தகரப் பெட்டி எங்கள் வெள்ளவத்தை வீட்டில் கட்டிலுக்கடியில் நெடுநாள் கிடந்தது. மூடியைத் திறந்தால் முதலில் அந்துருண்டை நெடி. அதற்குக் கீழே பழைய பேப்பரில் சுற்றியபடி மண்ணிறத்தில் ஒரு டுவீட் கோட்டு. தூக்கினால் கை தொய்யும், அவ்வளவு பாரம். கழுத்தடியில், உள்துணிக்கு மேல், கொழும்புக் கோட்டையிலிருந்த ஒரு வெள்ளைக்காரக் கடையின் பெயரை நெய்த சின்னப் பட்டி. இடக்கை மணிக்கட்டுப் பக்கம் அந்துப்பூச்சி அரித்த நாலைந்து துளை. தெறிகளில் ஒன்று மட்டும் வேறு நிறம். அது பிறகு தைத்தது.

"வேர்த்துச் சாகிற இந்த ஊரில ஆரம்மா இதைப் போட்டது?"

"இந்த ஊருக்கெண்டு ஆர் வாங்கினது? அப்பா நானுஓயா ஸ்டேஷனில நிக்கேக்க, சீமைக்குப் போன ஒரு துரையின்ர பங்களா ஏலத்தில எடுத்தவர்."

கோட்டு குளிர்ந்த மலைநாட்டு நானுஓயாவுக்கு எதற்கு என்பதற்கு அம்மாவின் பதில் போதும். விற்ற கடை ஏன் கொழும்பில் இருந்தது என்பதற்குப் போதாது. ஆண்டு முழுக்க வெப்பம் 27, 28 பாகையைச் சுற்றியே நிற்கும் துறைமுக ஊர் இது. மார்கழியில் அதிகாலைக்கு ஒரு போர்வை, அவ்வளவுதான் நம் குளிர்காலம். அப்படியிருந்தும் கோட்டைப் பகுதியின் பெரிய கடைகளில் டுவீட், சேர்ஜ், பிளானல், மெரினோ என்ற கம்பளித் துணிகள், கம்பளி மேசு, கழுத்துத்துண்டு எல்லாம் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. விற்றும் தீர்ந்தன.

காரணத்தின் முதல் பாதி துறைமுகத்தில் இருக்கிறது. 1869இல் சுயஸ் கால்வாய் திறந்தது. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னரானவர், கொழும்பு அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் வைத்தார். 1885இல் அது முடிவதற்கு முன்பே காலித் துறைமுகத்தில் நின்றுவந்த தபால் கப்பல்கள் கொழும்புக்கு மாறத் தொடங்கிவிட்டன. அவுஸ்திரேலியா, சீனா, மலாயா, கல்கத்தா என்று எந்தத் திசையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனாலும் பெரும்பாலும் இங்கே நிலக்கரி ஏற்ற நிற்க வேண்டியிருந்தது. தென்னிந்தியத் தொழிலாளர் கூடை கூடையாகக் கரி சுமந்து ஏற்றும்போது கப்பல் முழுக்கக் கரித்தூள் பறக்கும். பயணிகளுக்குக் கரையிறங்குவதைத் தவிர வழியில்லை. இறங்குதுறையை விட்டு வெளியே வந்தால் எதிரே 1875இல் திறந்த கிராண்ட் ஓரியன்டல் ஹோட்டல். அதைத் தாண்டினால் யோர்க் வீதி; வெயில் படாமல் வளைவுத் தாழ்வாரங்களுக்குள்ளேயே நடந்து கடை கடையாகப் பார்க்கலாம்.

அந்தப் பயணியின் கணக்கைப் பாருங்கள். கொழும்பிலிருந்து ஏடனுக்கு ஏறக்குறைய ஒரு வாரம். செங்கடலில் புழுக்கம். கால்வாயைத் தாண்டி மத்தியதரைக் கடலில் நுழைந்தால், டிசம்பரோ ஜனவரியோ ஆனால், மேல்தளத்தில் பல் கிட்டும். சிங்கப்பூரில் பத்து வருடம் வெள்ளை டிரில் உடுப்போடு இருந்தவரிடம் தடித்த கோட்டு இராது. இருந்ததைப் பூச்சி தின்றிருக்கும். லண்டனில் இறங்கி வாங்கலாமென்றால் இறங்கும்போதே வேண்டுமே. ஆக, கப்பலில் ஏறுவதற்கு முன் குளிருக்கு உடுத்திக்கொள்ள வசதியான கடைசி ஊர்களில் ஒன்றாகக் கொழும்பு ஆனது. வெப்ப ஊரில் குளிருடுப்புக் கடை என்பது இப்படிப் பார்த்தால் விநோதமே இல்லை. விமான நிலையத்துக்குள் இன்று கழுத்துத் தலையணை விற்பதில்லையா, அதே நியாயம்.

இதில் வேடிக்கையான ஒரு சுற்று உண்டு. அவுஸ்திரேலிய ஆட்டு மயிரின் ஒரு பங்கு நீராவிக் கப்பல்களில் இந்தக் கொழும்பைத் தாண்டியே லண்டன் ஏலத்துக்குப் போனது. யோர்க்ஷயரின் பிராட்போர்ட், ஹடர்ஸ்ஃபீல்ட் ஆலைகளில் நூலாகி, துணியாகி, பிறகு தகரம் உள்ளொட்டிய மரப்பெட்டிகளில் திரும்ப இதே துறைமுகத்துக்கு வந்து யார்க்கணக்கில் வெட்டி விற்கப்பட்டது.

மற்றப் பாதி மலையில். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். தை, மாசியில் சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனி வெள்ளையாகப் படரும். ரயில் பாதை 1867இல் கண்டிக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு கொழும்பு வெயிலில் காலையில் ஏறிய ஆள் அன்றைக்கே கோட்டு இல்லாமல் நிற்க முடியாத இடத்தில் இறங்கினார். ஏப்ரலில் கொழும்பு கொதிக்கும்போது அதிகாரிகளும் வியாபாரிகளும் குடும்பத்தோடு மேலே போவார்கள். குதிரைப் பந்தயம், நடனம், ஒவ்வொன்றுக்கும் ஓர் உடுப்பு. தோட்டத் துரைமார் வருடம் முழுக்க அங்கேயே. மழைக் காலத்தில் அவர்களுக்கு மெக்கின்டொஷ் என்ற ரப்பர் மழைக்கோட்டும் வேண்டும். பழைய ரப்பர்த் துணி வெயிலில் இளகிப் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1840களில் கந்தகம் சேர்த்து ரப்பரைப் பதப்படுத்தும் முறை வந்த பிறகே அதை நம்பி வெப்ப நாட்டுக்கு அனுப்ப முடிந்தது.

இலங்கையின் மிகப் பழைய கடைப்பெயர்களில் ஒன்றான கார்கில்ஸ் முதலில் கொழும்பில் பிறக்கவில்லை என்பதும் இதோடு சேர்த்து யோசிக்க வேண்டியது. 1844இல் வில்லியம் மில்ன் கண்டியில் தொடங்கிய கடை அது. கோப்பித் துரைமார் இருந்த இடத்துக்குக் கடை போனது. பிறகு துறைமுகத்தை நோக்கி இறங்கியது. யோர்க் வீதியின் அந்தச் செங்கல் நிறக் கட்டடம் 1906இல் எழுந்தது, இன்றைக்கும் நிற்கிறது. இந்தக் கடையில் பங்காளியாகி அதற்குத் தன் பெயரைத் தந்த டேவிட் சைம் கார்கில்தான் 1886இல் பர்மா எண்ணெய்க் கம்பனியைத் தொடங்கியவர். கொழும்புச் சீத்தைத் துணியும் பர்மா எண்ணெயும் ஒரே கணக்குப் புத்தகத்தில் பக்கத்துப் பக்கமாக இருந்த காலம்.

கப்பல், மலை இரண்டும் உண்மையான குளிர். இந்தக் கடைகள் மூன்றாவதாக ஒரு குளிருக்கும் துணி விற்றன. அது எங்கும் அடிக்காத குளிர்.

வெப்ப நாட்டில் உடம்பு வியர்த்து, காற்றுப்பட்டு, சட்டெனக் குளிர்ந்தால் நோய் வரும் என்று 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய மருத்துவம் நம்பியது. அதனால் தோலோடு ஒட்டிப் பிளானல் அணிய வேண்டும், கொழும்பானாலும் கல்கத்தாவானாலும். வயிற்றைச் சுற்றிக் கட்ட ஒரு பிளானல் பட்டி இருந்தது. பெயரே கொலராப் பட்டி. கொலராவுக்குக் காரணமான கிருமியை ரொபர்ட் கொக் 1883, 84இல் எகிப்திலும் கல்கத்தாவிலும் அடையாளம் கண்டுவிட்டார். அது தண்ணீரோடு வருகிறது, வயிற்றுக் குளிரோடு வருவதில்லை. பட்டியை மட்டும் யாரும் அவிழ்க்கவில்லை. பிரிட்டிஷ் இராணுவம் முதல் உலகப்போர்க் காலத்திலும் அதை வைத்திருந்தது. 1884இல் லண்டனில் யேகர் கம்பனி தொடங்கியது. விலங்கு மயிரில் நெய்தது மட்டும்தான் மனிதத் தோலில் படவேண்டும், பருத்தியும் லினனும் கேடு என்ற ஜெர்மன் பேராசிரியர் குஸ்தாவ் யேகரின் கொள்கையே அதன் வியாபாரம். புழுங்கும் கொழும்பு இரவில் கம்பளிப் பனியனோடு படுத்த மனிதரை நினைத்தால் எனக்கு இரக்கம்தான் வருகிறது.

ஆனால் முழுதும் மூடநம்பிக்கை என்று தள்ளவும் முடியாது. ஆட்டு மயிர் தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றிலொரு பங்கு ஈரத்தை உள்ளே இழுத்தும் தொடுகைக்கு நனைந்ததாகத் தெரியாது. ஈரத்தை உறிஞ்சும்போது சிறிது வெப்பத்தையும் வெளிவிடும். பருத்தி நனைந்தால் தோலில் ஒட்டிக் குளிரும். மலையில் மழைக்குள் நிற்பவருக்கு இந்த வேறுபாடு உயிர் காக்கும். கொழும்பில் மேசைக்கு முன்னால் இருந்தவருக்கு அரிப்பும் வேர்க்குருவும்தான் மிச்சம்.

கடைக்காரருக்கு இந்தச் சரக்கு பெரிய தலையிடி. அந்துப்பூச்சியின் புழு தின்பது கெரட்டின் என்ற புரதத்தை. அது மயிரிலும் இறகிலும் உண்டு, பருத்தியில் இல்லை. சீத்தைத் துணி அடுக்கில் பத்திரமாயிருக்க, பக்கத்து அடுக்கில் சேர்ஜ் சல்லடையாகும். ஐரோப்பாவில் குளிர்காலமாவது பூச்சியின் வேகத்தைக் குறைக்கும். கொழும்பில் பூச்சிக்கு விடுமுறை கிடையாது. ஈரக்காற்றில் பூஞ்சணம் வேறு. அதனால் தகரம் உள்ளொட்டிய பெட்டிகள், கர்ப்பூர மரப் பேழைகள், நிலக்கரித் தாரிலிருந்து வந்த நப்தலீன் உருண்டைகள், வெயில் எறித்த நாளில் துணிக்கட்டை விரித்து உதறிக் காயவைக்கும் வேலை. இந்த உதறல் வேலை மனேஜர் துரையின் கையில் நடந்திருக்காது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

விற்ற பிறகு வரும் எதிரி சலவை. ஆட்டு மயிரின் மேற்பரப்பில் மீன் செதில் போலச் செதில்கள் உண்டு. சூடு, சவர்க்காரம், அடி மூன்றும் சேர்ந்தால் செதிலோடு செதில் கொளுவி இறுகும். துணி தடித்துச் சுருங்கும். நம் வண்ணாரின் கல்லில் இந்த மூன்றும் தாராளம். பெரியவரின் பிளானல் சேர்ட் இரண்டு சலவைக்குப் பிறகு மகனுக்கு அளவாயிருக்கும். வண்ணாரைத் திட்டிய துரைமார் அநேகர். கல்லுக்குப் போகக்கூடாத துணியைக் கல் ஊரில் விற்றவரைத் திட்டியவர் உண்டோ தெரியாது. இந்தத் தொல்லைக்கு மருந்தாக வந்தவைதான் பருத்தியிலேயே மயிர் எழுப்பிய பிளனலெட்டும், 1890களில் மெரினோ 55, பருத்தி 45 என்ற விகிதத்தில் நெய்த வியெல்லாவும்.

உடுப்புச் சொற்களிலேயே யார் எப்போது வந்தார்கள் என்று பார்க்கலாம். களிசான், சப்பாத்து, மேசு, லேஞ்சி எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுப்போனவை. கோட்டு, சுவெட்டர், மஃப்ளர் ஆங்கிலேயரோடு வந்தவை. தடித்த சீமைக் கம்பளித் துணிக்குச் சகலாத்து என்று பாரசீக வழியில் வந்த சொல்லொன்று தமிழில் இருந்தது, குறிப்பாகச் சிவப்புத் துணிக்கு. இப்போது அது அகராதியில் மட்டும்.

வாங்கியவர்கள் வெள்ளைக்காரர் மட்டுமா? இல்லை. நீதிமன்றத்துக்குப் போன தமிழ் அப்புக்காத்துகள், கச்சேரி உத்தியோகத்தர், சீமைக்குப் படிக்கப்போன பணக்கார வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் கறுப்புக் கோட்டு கட்டாயம். கம்பளித் துணி ஏறக்குறைய 54 அங்குல இரட்டை அகலத்தில் வரும். ஒரு முழு சூட்டுக்கு மூன்றரை யார். துணியைக் கோட்டையில் வாங்கி, தையலுக்கு மலிவான முஸ்லிம் தையற்காரரிடம் புறக்கோட்டைக்குக் கொண்டுபோவது நடுத்தர உத்தியோகக்காரரின் சிக்கனம். உயர்ந்த இடத்திலும் இதைக் கேள்வி கேட்ட ஒருவர் இருந்தார். 1877இல் கொழும்பில் பிறந்து சீமையில் வளர்ந்த ஆனந்த குமாரசுவாமி 1905இல் ஒரு சிறு நூல் போட்டு, இலங்கையர் ஐரோப்பிய உடுப்பை இரவல் இறகாகப் பூணுவதைக் கடுமையாகச் சாடினார். அவருடைய தந்தை முத்துக்குமாரசுவாமி கிறிஸ்தவரல்லாத முதல் ஆசியராக இங்கிலாந்தில் பாரிஸ்டர் பட்டம் பெற்றவர் என்பதை நினைத்தால் மகனின் கோபம் வீட்டுக்குள்ளிருந்தே கிளம்பியது தெரியும். ஆனாலும் ஒரு குமாஸ்தாவுக்கு இந்தக் கோபம் ஆடம்பரம். கோட்டில்லாமல் போனால் வேலை போகும்.

இனி விலை. துரைமார் கையில் காசோடு கடைக்கு வருவது குறைவு. பென்சிலால் ஒரு சிட்டில் கையெழுத்து வைத்தால் போதும். சாமான் ரயிலில் தோட்டத்துக்குப் போகும், கணக்கு மாதம் கழித்து வரும், அல்லது அறுவடைக்குப் பிறகு வரும். இந்த வழக்கத்தை முறித்து ரொக்கம் மட்டும் என்று நின்றது வைட்டவே லெய்ட்லோ. 1882இல் கல்கத்தாவில் தொடங்கிக் கீழைத் தேசமெங்கும் கிளை விட்ட கடை. கொழும்புக் கோட்டையிலும் கிளை இருந்தது. அதன் பெயரைத் திரித்து "ரைட் அவே அன்ட் பெய்ட் ஃபோர்", அதாவது கையோடு காசு, என்று வெள்ளைக்காரரே கேலி பண்ணினார்கள். கடன் சொல்ல முடியாத கடை அவர்களுக்குச் சிரிப்பாயிருந்தது.

கடனுக்கு ஒரு காகிதம் என்றால் தோட்டத்தில் இன்னொரு காகிதம் இருந்தது. அதன் பெயர் துண்டு. இன்ன தொழிலாளிக்கு இவ்வளவு கடன், அதைத் தீர்த்தால் ஆளை விடுவேன் என்று துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு. அந்தத் தொகையைக் கட்ட வேறொரு தோட்டம் முன்வராமல் தொழிலாளி நகர முடியாது. 1921இல் சட்டத்தால் ஒழித்தார்கள். கோட்டையில் துரை கையெழுத்திட்ட சிட்டும் ஒரு கடன் சீட்டு. மலையில் தொழிலாளியின் தலைமேல் இருந்த துண்டும் ஒரு கடன் சீட்டு. முன்னது டுவீட் கொண்டுவந்தது. பின்னதில் அரிசி, வழிச்செலவு எல்லாவற்றோடும் சேர்ந்து ஒரு கறுப்புக் கம்பளியின் விலையும் இருந்தது.

என் மட்டில், கொழும்பின் குளிருடுப்பு வரலாறு இந்தக் கம்பளியைச் சொல்லாமல் முழுமையாகாது. திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்து வறண்ட ஊர்களிலிருந்து வந்தவர்கள் அந்தத் தோட்டத் தொழிலாளர். இந்த மழையையும் குளிரையும் அதற்கு முன் கண்டதில்லை. துரைமார் எழுதிய ஆங்கிலத்தில் அதே சொல் 'கம்ப்ளி' என்று ஏறிவிட்டது. அது யோர்க்ஷயர்ச் சரக்கல்ல. தக்காணத்துக் குறும்பர் போன்ற ஆட்டு இடையர் தங்கள் மந்தையின் மயிரைக் கத்தரித்து, நூற்று, தறியில் நெய்த முரட்டுத் துணி. சாயம் கிடையாது, ஆட்டின் நிறமே துணியின் நிறம். யோர்க் வீதிக் கண்ணாடிக்குப் பின்னால் அது ஒருநாளும் தொங்கவில்லை. தோட்டம் கொடுக்கும், செக்ரோல் என்ற பேர்ப் பதிவேட்டில் எழுதும், சம்பளத்தில் கழிக்கும்.

அந்த ஒரு கம்பளி எத்தனை வேலை செய்தது! விடியலில் பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்துக்குப் போகும்போது ஒரு மூலையை உள்ளே மடித்துத் தலையில் கொங்காணியாகப் போட்டால் மழை முதுகு வழியே வழிந்தோடும். இடுப்பில் படங்குச் சாக்கு, முதுகில் கூடை, கொழுந்து நிறைய நிறைய நனைந்த கம்பளியும் பாரமேறும். மாலையில் லயத்து அடுப்புக்கு மேலே கொடியில் காயும். புகையும் ஈர மயிரும் கலந்த வாடை. இரவில் அதுவே பாய், அதுவே போர்வை, தொட்டிலில் பிள்ளைக்கு விரிப்பு. முந்நூறு யார் தூரத்தில் பங்களாவில் பிளானல் பட்டி கட்டிக்கொண்டு ஒருவர், வராத வயிற்றுக் குளிருக்குப் பயந்து கணப்புக்கு முன்னால். சம்பளத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்: குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் 1927இல் வந்து, 1929 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தபோது மலையுச்சித் தோட்டங்களில் ஒரு முழுப்பேருக்கு, அதாவது முழுநாள் வேலைக்கு, ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். சட்டம் வந்த பிறகே இவ்வளவு.

பெரிய கங்காணி வேறு ரகம். வேட்டி, தலைப்பாகை, அதற்கு மேல் சீமைத் துணியில் ஒரு கோட்டு, கையில் குடை. அந்தக் கால நிழற்படங்களில் துரைக்கும் ஆட்களுக்கும் நடுவே அவர் நிற்கும் இடத்தை அந்தக் கோட்டே காட்டிவிடும்.

இந்த வியாபாரம் ஒரே நாளில் படுக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் துணிக்குப் பங்கீடு வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறினார்கள். பங்களா ஏலங்கள் நடந்தன, அம்மப்பாவின் கோட்டு அப்படி வந்ததுதான். விமானம் வந்தபின் கப்பல் பயணி மறைந்தார். 1960களின் இறக்குமதிக் கட்டுப்பாடு சீமைத் துணியைக் கிட்டத்தட்ட நிறுத்தியது. 1970களில் சாதாரணச் சீத்தைக்கே அரசின் துணிக்கடையான சலுசலவில் வரிசை. டுவீட்டை யார் கேட்டார்?

1977க்குப் பிறகு காற்று மறுபக்கம் அடிக்கத் தொடங்கியது. 1978இல் கட்டுநாயக்க வர்த்தக வலயம் வந்தது, ஆடைத் தொழிற்சாலைகள் பெருகின. இன்று குளிர்தேசத்தார் உடுக்கும் ஜாக்கெட்டுகளில் ஒரு பகுதியை வேர்த்து வேர்த்து நாம் தைக்கிறோம். மிச்சமும் கழிவும் புறக்கோட்டை நடைபாதைக்கும் நுவரெலியாவின் உடுப்புச் சந்தையான பேல் பஜாருக்கும் போகின்றன. கொழும்பிலிருந்து உல்லாசம் போகிறவர்கள் அங்கே தொப்பியும் சுவெட்டரும் வாங்கி இரண்டு நாள் போட்டுவிட்டு அலுமாரியில் வைப்பார்கள்.

போன வருடம் பெரியம்மாவின் பேரன் தை மாதம் ரொறன்ரோவுக்குப் படிக்கப் புறப்பட்டான். "அங்க வாங்கினா ரெண்டு மடங்கு, இறங்கினவுடனை வேணும்" என்று பெரியம்மா. ஆக, பகல் பன்னிரண்டு மணிக்கு நானும் அவனும் புறக்கோட்டையில். நடைபாதைக் கடை நானா ஒருவர் கறுப்பு ஜாக்கெட் ஒன்றை உதறி எடுத்தார். கழுத்தடியில் கம்பனிப் பட்டியைக் கத்தரித்திருந்தது. நூல் முனை மட்டும் நின்றது. பக்கத்தில் தைத்த சின்னப் பட்டியை வெட்ட மறந்துபோனார்கள்: மேட் இன் ஸ்ரீ லங்கா. பெடியன் போட்டுப் பார்த்தான். நானா தாடைவரை சிப்பை இழுத்து விட்டார். நெற்றி வேர்வை மூக்கு வழியே சொட்டியது.

"டைட்டா இருக்கா தம்பி?"

"இல்ல நானா. மூச்சு முட்டுது."

"அப்ப நல்ல சாமான்தான்," என்றார் அவர், விலையில் ஒரு சதம் குறைக்காமல்.